தேர்ச்சி விழுக்காடும் தமிழ்வழிப் பிள்ளையும்

(இராசபாளையத்தில் தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டுதோறும் கோடையில் ஒருநாள் இவ்விராசபாளையத்துத் தேநீர்க் கடைகளிலும் திருவில்லிபுத்தூர்த் தேரடியிலும் ஒரே பேச்சாக இருக்கும். "இவ்வாண்டு நம் மாவட்டம் எத்தனையாம் இடம்?" என்பதே அப்பேச்சு. பழைய இராமநாதபுர மாவட்டத்தினின்று 1985ஆம் ஆண்டு பிரிந்து, காமராசர் பெயரால் தோன்றி, 1997 முதல் விருதுநகர் மாவட்டமென வழங்கும் நம் மாவட்டம், பொதுத்தேர்வுத் தேர்ச்சியில் நெடுங்காலம் தமிழகத்தின் முதலிடத்தில் நின்றது. மேனிலை இரண்டாமாண்டுத் தேர்வில் 2017இல் 97.85 விழுக்காடு; 2018இல் 97.05 விழுக்காடு, இரண்டாண்டும் முதலிடம். 2019இல் திருப்பூர் முந்தியது. 2023இல் மீண்டும் 97.85 விழுக்காட்டுடன் நாமே முதலிடம் பெற்றோம். அவ்வாண்டு மாநிலத்தின் தேர்ச்சி 94.03 விழுக்காடு.

பெருமைப்பட வேண்டிய செய்திதான், மறுக்கவில்லை. காலையில் மிகுவகுப்பு, மாலையில் மிகுவகுப்பு, பின்தங்கிய பிள்ளைக்குத் தனிப்பயிற்சி என்று மெய்வருத்தம் பாராமல் உழைத்த ஆசிரியப் பெருமக்களின் வியர்வை அவ்வெண்களில் இருக்கின்றது. ஆனால் பெருமக்களே, எண் என்பது ஒரு வாயில். வாயிலைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு உள்ளே செல்லாமல் திரும்புகின்றவன் வீட்டைக் கண்டவன் ஆகான். ஆகவே உள்ளே சென்று மூன்று வினாக்களை எழுப்ப விரும்புகின்றேன். அவ்விழுக்காட்டிற்குள் அமர்ந்திருக்கும் பிள்ளை யார்? அவன் எம்மொழியிற் கற்றான்? கற்றது அவனுக்கு உரியதாயிற்றா?

அந்தப் பிள்ளை யார்?

இவ்வட்டாரத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றினுள் நுழைந்து, வரிசை வரிசையாய் அமர்ந்திருக்கும் பிள்ளைகளைப் பாருங்கள். நூற்பாலையில் இரவுமுறை முடித்துக் கண் சிவந்து வீடு திரும்பும் தொழிலாளியின் மகன் ஒருவன். சத்திரப்பட்டி விசைத்தறிகளில் மருத்துவக் கட்டுத்துணி நெய்பவரின் மகள் ஒருத்தி. திருவில்லிபுத்தூர்க் கைத்தறியில் சேலை நெய்யும் குடும்பத்துப் பெண் ஒருத்தி. தீப்பெட்டிக்கும் வெடிக்கும் கூலிக்குச் செல்லும் தாயின் பிள்ளை ஒருவன். மேற்குத் தொடர்மலை அடிவாரத்துத் தோப்புகளில் காவலும் களையெடுப்புமாய் வாழும் குடியின் பிள்ளை ஒருவன். இவர்களே நம் அரசுப் பள்ளியின் மக்கள்தொகை.

இப்பிள்ளைகள் பள்ளிக்கு வந்து சேர்ந்ததே ஒரு பெரும் வரலாறு. சிவகாசிப் பகுதியில் சிறுவர் தொழில் ஒழிப்புக்கென நடுவணரசு தனித்திட்டம் தொடங்கியது. அத்தொழிலகங்களிற் சிறுவரை வேலைக்கு வைத்தது பற்றிய வழக்கில், வைத்தவர் பிள்ளையொன்றுக்கு இருபதாயிரம் உருபா செலுத்த வேண்டுமென உச்ச முறைமன்றம் தீர்ப்புரைத்தது 1996இல். குச்சி அடுக்கிய விரல்கள் எழுதுகோல் பிடிக்க அத்துணைப் போராட்டம் வேண்டியிருந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 80 விழுக்காடு. மாநிலத்தின் அளவும் ஏறத்தாழ அதுவே. 2018இல் நடுவணரசு, வளர்ச்சியிற் பின்தங்கியவை என்று நாடெங்கும் தேர்ந்த மாவட்டங்களுள் தமிழகத்தினின்று எடுத்தவை இரண்டு. ஒன்று இராமநாதபுரம், மற்றொன்று நம் விருதுநகர். அதே 2018இல்தான் தேர்ச்சியில் நாம் முதலிடம்! ஏழைமை மிக்க மண்ணில் இத்தேர்ச்சி விளைந்தது என்றால், அது பணத்தின் விளைவன்று, பள்ளியின் விளைவு, அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி ஆகியவற்றின் விளைவு.

இன்னொன்றையும் கருதுக. 2023இல் மாநில அளவில் பெண்பிள்ளைகளின் தேர்ச்சி 96.38 விழுக்காடு, ஆண்பிள்ளைகளின் தேர்ச்சி 91.45 விழுக்காடு. ஏறத்தாழ ஐந்து விழுக்காடு இடைவெளி. தேர்வெழுத வந்தவர்களின் கணக்கு இது. தேர்வுக்கே வராமல் ஆலைக்கும் கடைக்கும் சென்றுவிட்ட பையனை எந்த விழுக்காடும் எண்ணுவதில்லை. ஆறாம் வகுப்பிற் சேர்ந்த நூறு பிள்ளைகளுள் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு அறையில் அமர்ந்தனர் என்பதே மெய்யான கணக்கு.

இப்பள்ளிகளை எழுப்பியவர் யார்?

விருதுநகரில் 1889இல் எழுந்த சத்திரிய வித்தியாசாலை பிடியரிசியால் வளர்ந்தது. ஒவ்வொரு வீட்டிலும் உலைக்கு அரிசியிடும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்தனர் பெண்கள். அப்பிடியரிசி திரண்டு பள்ளிக்கூடம் ஆயிற்று. அப்பள்ளியிற் பயின்று, ஆறாம் வகுப்போடு படிப்பை விட்ட ஒரு சிறுவனே பின்னாளில் முதலமைச்சர் காமராசர். 1954இல் பொறுப்பேற்றதும், பாதிநாள் பள்ளி பாதிநாள் குலத்தொழில் என்ற திட்டத்தைக் கைவிட்டார். 1956இல் பகலுணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பசித்த வயிற்றோடு எழுத்து ஏறாது என்று அறிந்தவர் அவர். ஏனெனில் படிப்பை இழந்தவர் அவர்.

அவருக்கு முன்னர், 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராய் இருந்தவர் இவ்விராசபாளையத்துக் குமாரசாமி இராசா. தம் வீட்டையே பொதுப்பயனுக்கு ஈந்தவர். திருவில்லிபுத்தூரிலோ 1875ஆம் ஆண்டு முதல் பென்னிங்டன் பெயரால் ஒரு பொதுநூலகம் நிலைத்து நிற்கின்றது. ஒன்றரை நூற்றாண்டாக எளியவனுக்கும் நூல் ஈந்துவரும் அறச்சாலை அது. பெரியாழ்வாரும் ஆண்டாளும் செந்தமிழிற் பாடிய ஊர் அது. இத்தகைய மண்ணில், காமராசர் காலத்துச் சிற்றூர்ப் பள்ளிகள் எம்மொழியிற் கற்பித்தன? தமிழில். தறிகாரன் மகனையும் உழவன் மகளையும் மருத்துவராகவும் பொறிஞராகவும் ஆசிரியராகவும் ஆக்கிய ஏணி, தமிழ்வழி ஏணியே. இதனை நாம் மறந்தால் நன்றி கொன்றவர் ஆவோம்.

எம்மொழியிற் கற்கின்றான்?

இன்று அவ்வேணி என்னாயிற்று? 1999இல் நூற்றுக்கு மேற்பட்ட தமிழறிஞர்கள் தமிழ்ப் பயிற்றுமொழி வேண்டிச் சென்னையில் உண்ணாநோன்பு இருந்தனர். அதன்பின், ஐந்தாம் வகுப்புவரை தமிழோ தாய்மொழியோ பயிற்றுமொழியாதல் வேண்டுமென அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் அரசாணை பிறந்தது. 2000ஆம் ஆண்டில் சென்னை உயர் முறைமன்றம் அவ்வாணையைச் செல்லாதென்றது. 2006இல் தமிழ் கற்றற் சட்டம் வந்தது; அது தமிழை ஒரு பாடமாகக் கட்டாயமாக்கியதேயன்றிப் பயிற்றுமொழி ஆக்கவில்லை. தமிழ்நாட்டில் தமிழ் ஒரு பாடம்! நம் வீட்டில் நம் தாய்க்கு ஓர் அறை ஒதுக்கியது போன்ற நிலை.

அதன்பின் 2012-13ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகத் தொடங்கின. ஒரே கூரை, ஒரே தலைமையாசிரியர், ஒரே ஆசிரியர். 'அ' பிரிவு ஆங்கிலம், 'ஆ' பிரிவு தமிழ் என்னும் நிலை. மற்றொரு புறம், 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளின் தொடக்க நிலை இடங்களுள் 25 விழுக்காட்டை எளிய பிள்ளைகளுக்கு ஒதுக்கி, அவர்தம் கட்டணத்தை அரசே அத்தனியார்க்கு ஈடுசெய்கின்றது. அதாவது, அரசுப் பள்ளிக்கு வரவிருந்த பிள்ளையை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்ப அரசே பணம் கட்டுகின்றது!

இவற்றின் முடிவு என்ன? பணமிருப்பவன் தனியார் ஆங்கிலப் பள்ளிக்குச் சென்றான். சிறிது ஏந்து உடையவன் அரசுப் பள்ளியின் ஆங்கிலப் பிரிவிற்குச் சென்றான். எவ்வழியும் இல்லாதவன் எஞ்சி நிற்கும் அறைக்குத் தமிழ்வழி என்று பெயர். பெருமக்களே, நான் இன்று சொல்ல வந்தது இதுவே: தமிழ்வழி என்பது ஒரு மொழிவழியாய் இருந்தது போய், ஏழைவழி என்னும் அடையாளம் ஆகிவிட்டது. பழைய நாளில் குலத்தைச் சொல்லித் தாழ்த்தினர். இன்று 'தமிழ் மீடியமா?' என்ற ஒரு கேள்வியாலேயே ஒரு பிள்ளையைத் தாழ்த்துகின்றனர். மொழியின் தாழ்வும் மக்களின் தாழ்வும் ஒன்றாய்ப் பின்னப்பட்டுவிட்டன. ஒன்றை விட்டு ஒன்றை நிமிர்த்த முடியாது.

கற்றது உரியதாயிற்றா?

ஆங்கிலவழியால் அறிவு பெருகிற்று என்று காட்டுவாராயின் நாம் எண்ணிப் பார்க்கலாம். 2022ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநிலமெங்கும் ஏறத்தாழ 47,000 பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தில் தோற்றனர். தமிழ்நாட்டில், தமிழில்! மகுடைக் கொள்ளைநோய்க் காலத்துப் பள்ளி அடைப்பும் அதற்கு ஒரு கரணியம்தான். அது மட்டுமே கரணியம் அன்று. தமிழை மதிப்பெண்ணுக்குரிய சிறு பாடமாக ஒதுக்கிய மனநிலையும் கரணியமே. ஆங்கிலமும் நிரம்பாமல் தமிழும் நிலையாமல் இரண்டுங்கெட்ட நிலையில் நிற்கின்றான் நம் பிள்ளை.

இவ்வூர்த் தொழிலினின்றே ஒரு சான்று காட்டுகின்றேன். நூற்பாலைத் தொழிலாளி ஒருவரிடம் நாற்பதாம் எண் நூலுக்கும் இருபதாம் எண் நூலுக்கும் என்ன வேறுபாடு என்று கேளுங்கள். நாற்பது மெல்லியது, இருபது தடித்தது என்று உடனே கூறுவார். ஏன்? 840 கெசம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனைச் சிட்டம் அடங்குமோ அதுவே நூலின் எண். இருபதாம் எண்ணில் ஒரு பவுண்டுக்கு 16,800 கெசம். நாற்பதாம் எண்ணில் 33,600 கெசம். எடை மாறாதிருக்க நீளம் இருமடங்கானால் நூல் மெல்லியதாகும் அன்றோ? ஒன்று கூட மற்றொன்று குறையும் எதிர்வீதக் கணக்கு இதுதான். அத்தொழிலாளியின் மகனுக்கு இதனைத் தமிழிற் சொன்னால், "எங்கப்பா சொல்வாரே, அதுதானா!" என்று அவன் கண் மலரும். நெசவாளி மகளுக்குப் பாவும் ஊடையும் தெரியும். நெடுக்குக் கோடும் குறுக்குக் கோடும் வெட்டும் புள்ளியை அவள் தறியிலேயே கண்டிருக்கின்றாள். வரைபடக் கணக்கு அவளுக்குப் புதிதன்று. வீட்டில் இருக்கும் அறிவைப் பள்ளியில் இருக்கும் அறிவோடு முடிச்சிடும் கயிறு தாய்மொழி. அக்கயிற்றை அறுத்துவிட்டு, பொருள் அறியாத சொற்களை மனப்பாடம் செய்வித்து, முப்பத்தைந்து மதிப்பெண் வாங்கச் செய்து, "தேர்ச்சி" என்று முத்திரையிடுவது கல்வி ஆகுமா?

நாம் ஆங்கிலத்தின் பகைவர் அல்லேம். மொழிஞாயிறு பாவாணர் ஆங்கிலத்தை ஆழக் கற்றவர். தமிழின் தொன்மையை உலகறிய ஆங்கிலத்திலேயே 1966இல் நூலெழுதி வெளியிட்டவர். ஆங்கிலத்தை மொழியாகக் கற்பிப்போம், நன்றாகவே கற்பிப்போம். ஆங்கிலத்தாற் கணக்கையும் அறிவியலையும் மூடி மறைக்காதிருப்போம் என்பதே நம் வேண்டுகை.

தெலுங்கு வீட்டுப் பிள்ளை

இவ்வூரில் நின்று பேசுகின்றவன் ஒன்றைச் சொல்லாமற் போகக் கூடாது. இராசபாளையத்திலும் சுற்றூர்களிலும் வீட்டிலே தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல உள. ஆலை முதலாளியும் அவருள் உண்டு. துப்புரவுத் தொழிலாளியும் அவருள் உண்டு. நம்முள் சிலர் மேடை ஏறினால் அவர்களைப் பிறராக்கிப் பேசுவது உண்டு. அது பிழை. தெலுங்கு வீட்டு ஏழைப் பிள்ளை தெருவிலும் திண்ணையிலும் பள்ளியிலும் தமிழைத் தன் மொழியாக்கிக்கொண்டு வளர்கின்றான். அவனுக்கு வீட்டில் ஒரு மொழி, ஊரில் ஒரு மொழி. பள்ளியில் மூன்றாவதாக ஓர் அயன்மொழியைப் பயிற்றுமொழியாக ஏற்றினால் முதலில் முதுகு ஒடிபவன் அவனே. தமிழ்வழியை அழிப்பவன் அப்பிள்ளை அல்லன். தமிழ்வழியால் வாழ்பவன் அவன். பகை எது, உறவு எது என்று அறியாத இயக்கம் தன் காலையே வெட்டிக்கொள்ளும்.

நம்மை நோக்கி ஒரு வினா

சில ஆண்டுகளுக்கு முன், தமிழ்வழியிற் பிள்ளையைச் சேர்க்குமாறு நெசவாளர் ஒருவரிடம் நயமாக எடுத்துரைத்தேன். அவர் தறியை நிறுத்தாமலே கேட்டார்: "ஐயா, நீங்க சொல்றதெல்லாம் சரி. உங்க பிள்ளை எங்க படிச்சான்?" என் வாய் அடைத்தது. என் மகனை நான் ஆங்கிலப் பள்ளியிலே படிக்க வைத்தவன். மேடையில் தனித்தமிழ், வீட்டு வாயிலில் ஆங்கிலப் பள்ளி ஊர்தி. அன்று எனக்குப் பிறர் போலவே அச்சம். பிள்ளை பின்தங்கிவிடுவானோ என்ற அச்சம். அந்த அச்சத்திற்கு ஊதியமாக இன்று என் பெயரன் நான் எழுதும் மடலைப் படிக்க இயலாதிருக்கின்றான். இதனைப் பெருமைக்காகவும் சொல்லவில்லை, இரக்கம் தேடியும் சொல்லவில்லை. இவ்வவையில் உள்ளோரைக் கைதூக்கச் சொல்லிக் கணக்கெடுக்கவும் மாட்டேன். அவரவர் நெஞ்சே அவரவர்க்குத் தேர்வாளர். ஏழையின் பிள்ளை மட்டும் தமிழைக் காக்க வேண்டும், நம் பிள்ளை ஆங்கிலத்தில் உயர வேண்டும் என்று எண்ணுவோமாயின், அது தமிழ்ப்பற்று அன்று. ஏழையின் தலையில் சுமையேற்றும் வன்கண்மை.

செய்யத்தக்கன

புலம்பிக் கலைவது நம் வழக்கமாகிவிட்டது. இன்று செய்யத்தக்கன சிலவற்றைக் கூறி முடிக்கின்றேன்.

ஒன்று: மாவட்ட வரிசை போதாது. பள்ளிதோறும் ஆறாம் வகுப்பிற் சேர்ந்தோர் எத்தனை, பன்னிரண்டில் தேறினோர் எத்தனை, தமிழ்வழியில் எத்தனை, ஆங்கிலவழியில் எத்தனை, இடைநின்ற ஆண்பிள்ளை எத்தனை என்னும் கணக்கை ஊர்மன்றத்தின் முன் வைக்குமாறு பெற்றோர் கழகங்கள் கேட்டல் வேண்டும்.

இரண்டு: தமிழ்வழிக்குச் சட்டம் தந்துள்ள வாய்ப்புகளை வீடுதோறும் சென்று சொல்லல் வேண்டும். தமிழ்வழியிற் பயின்றோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. பள்ளி முதலே தமிழ்வழியிற் பயின்றிருத்தல் வேண்டுமென்று 2020இல் அது திருத்தப்பட்டது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கும் சட்டமும் 2020இல் வந்தது. அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த்தாளில் 40 விழுக்காடு பெற்றாலொழியத் தேர்ச்சியில்லை என்ற ஆணை 2021இல் பிறந்தது. இவற்றை அறியாத பெற்றோரே இவ்வட்டாரத்தில் மிகுதி. அவர் அறியாமைக்கு நாமும் பொறுப்பு.

மூன்று: அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழிற் கற்பிக்கத் தொடங்கிற்று. மேற்கல்வியின் கதவு தமிழுக்குத் திறந்தாலன்றிப் பள்ளியில் தமிழ்வழி நிலைக்காது. அக்கதவை அகலத் திறக்கப் போராடுதல் நம் இயக்கத்தின் முதற்கடன்.

நான்கு: ஊர்வலத்தோடு நில்லாமல் வகுப்பறைக்கு வருக. திங்களுக்கு ஒரு மாலை அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு நூலைப் படியுங்கள். திருவில்லிபுத்தூர் நூலகத்திற்குப் பத்துப் பிள்ளைகளை அழைத்துச் சென்று உறுப்பினர் ஆக்குங்கள். ஆலையில் உழைப்பவர் தம் தொழிற்கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

ஐந்து: நம் வீட்டுப் பிள்ளையைத் தமிழ்வழியிற் சேர்ப்போம். நாற்பது உரைகள் செய்யாததை அவ்வொரு செயல் செய்யும். அரசுப் பள்ளித் தமிழ்வழி வகுப்பில் ஆசிரியர் மகனும் அலுவலர் மகளும் அமர்ந்தால், அவ்வறையின் ஒழுகும் கூரை ஒரே திங்களில் செப்பமாகும்; ஒழிந்து கிடக்கும் ஆசிரியர் இடம் விரைந்து நிரம்பும்.

இறுதியாக ஒன்று. இவ்வூருக்கு அணித்தேயுள்ள முறம்பில், சீயோன்மலைப் பள்ளியில், 1919இல் பதினேழு அகவை இளைஞர் ஒருவர் ஆசிரியராய்ப் பணியேற்றார். சங்கரன்கோவிலிற் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, பிறர் உதவியாற் பயின்ற ஏழைப் பிள்ளை அவர். அவ்விளைஞரே ஞா. தேவநேயப் பாவாணர். சொல்லாராய்ச்சியால் உலகை வியக்கச் செய்த அப்பெருமகனார் தம் வாழ்நாளில் பல ஆண்டுகளைப் பள்ளி ஆசிரியராகவே கழித்தார். அவர் முதன்முதற் கரும்பலகை முன் நின்ற மண் இது. இன்று அதே மண்ணின் ஏதோவொரு தமிழ்வழி வகுப்பில், கிழிந்த பையோடு, கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு பிள்ளை அடுத்த பாவாணர் ஆகலாம். அவனை எந்த விழுக்காடும் நமக்குக் காட்டாது. நாம் சென்று பார்த்தால்தான் தெரியும்.

சென்று பார்ப்போம். அவன் தோளைத் தொடுவோம். அவன் மொழியில் அவனுக்கு உலகைத் தருவோம்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழ்வழிக் கல்வி! வெல்க தமிழ்ப் பிள்ளைகள்!